ஒலி கேட்கிறது, படம் தெரியவில்லை



வீட்டில் தொலைக்காட்சிப் பெட்டியைத் திறக்கிறீர்கள். செய்தி வாசிப்பவரின் குரல் கணீரென்று கேட்கிறது. ஆனால் திரையோ கரிச்சட்டியின் அடிபோல இருண்டு கிடக்கிறது. உடனே வீட்டில் ஆளுக்கொரு யோசனை சொல்லத் தொடங்குகிறார்கள். "ஏரியல் கெட்டுப்போச்சு, மாத்தணும்" என்கிறார் ஒருவர். "பெட்டியே போச்சு, தவணையிலே புதுசு எடுத்துடலாம்" என்கிறார் இன்னொருவர். "பக்கத்திலே ரெண்டு தட்டு தட்டினா வந்துடும்" என்று மூன்றாமவர் கையை ஓங்குகிறார். இந்த மூன்று யோசனைகளில் எது சரி? பெரும்பாலான வேளைகளில் மூன்றுமே சரியல்ல. ஏன் சரியல்ல என்பதையும், அப்படியானால் நாம் செய்ய வேண்டியது என்ன என்பதையும் இன்று விளக்கமாகப் பார்ப்போம்.

இது வெறும் பொழுதுபோக்குச் சாதனத்தைப் பற்றிய பேச்சு என்று எண்ணிவிடாதீர்கள். நம் நாட்டில் தொலைக்காட்சி 1963ஆம் ஆண்டு டிசம்பர் 28ஆம் நாள் தொடங்கியது. 1972ஆம் ஆண்டு ஜூன் மாதத்திலேயே பள்ளிப் பிள்ளைகளுக்காகக் கல்வித் தொலைக்காட்சி வந்துவிட்டது. 2020ஆம், 2021ஆம் ஆண்டுகளில் கொள்ளைநோய்க் காலத்தில் பள்ளிக்கூடங்கள் மூடப்பட்டபோது, கைப்பேசியும் இணையமும் போதிய அளவு இல்லாத வீடுகளில் பிள்ளைகளுக்குப் பாடம் கொண்டுவந்தது இந்தப் பெட்டிதான். 2021 பிப்ரவரி 17ஆம் நாள் கல்வி அமைச்சு அதற்கென்றே டிடிக் டிவி என்னும் ஒளிபரப்பைத் தொடங்கியது. ஆகவே, ஒரு வீட்டில் பெட்டி இருண்டு போவது சிறு காரியமன்று. அதிலும், பால்வெட்டிலும் செம்பனைக் காட்டிலும் வியர்வை சிந்திச் சேர்த்த பணம், தேவையில்லாத ஏரியலுக்கும் தேவையில்லாத புதுப் பெட்டிக்கும் போய்விடக் கூடாது. நம் கவலை அதுதான்.

முதலில் ஓர் அடிப்படை உண்மையைத் தெரிந்துகொள்வோம். பெட்டிக்குள் ஒலிக்கு ஒரு வழி, படத்திற்கு ஒரு வழி என்று இரண்டு தனித்தனி வழிகள் இருக்கின்றன. ஒலி, ஒலிபெருக்கியில் போய் முடிகிறது. அதற்குச் சிறிதளவு மின்சாரம் போதும். படமோ பல கட்டங்களைத் தாண்டித் திரைக்கு வந்து சேர வேண்டும்; அதற்கு வெளிச்சமும் வேண்டும். ஒரு வழி அடைபட்டாலும் மற்றது திறந்திருக்கும். அதனால்தான் குரல் மட்டும் தனியே கேட்கிறது.

இதிலிருந்து நாம் ஒன்றை உறுதியாகத் தெரிந்துகொள்ளலாம். ஒலி கேட்கிறது என்றால், சுவரிலுள்ள சுவிட்சு சரி. மூன்று முள் பிளக் சரி. அதற்குள் இருக்கும் பியூசும் சரி. பெட்டிக்கு மின்சாரம் போய்ச் சேர்கிறது. எனவே, பிளக்கை மாற்றுவதும் வீட்டு ஒயரை மாற்றுவதும் இந்த நோய்க்கு மருந்தாகாது.

இனி ஏரியலுக்கு வருவோம். பழைய காலத்து ஒளிபரப்பில் படம் ஓர் அலையாகவும் ஒலி வேறோர் அலையாகவும் வந்தன. அலை பலவீனமாக இருந்தால் திரையில் உமி தூவியது போலப் புள்ளிகள் பறக்கும். ஆனாலும் குரல் ஓரளவு கேட்கும். நம்மில் வயதானவர்களுக்கு அது நன்றாக நினைவிருக்கும். லயத்துக் கூரைமேல் ஒருவர் ஏறி ஏரியலைத் திருப்ப, வாசலில் ஒருவர் நின்று "வந்துடுச்சு, வந்துடுச்சு, ஐயோ போயிடுச்சு" என்று கூவிய காலம் அது. அந்தப் பழைய முறை ஒளிபரப்பு நம் நாட்டில் 2019ஆம் ஆண்டு அக்டோபர் 31ஆம் நாளோடு முழுமையாக நிறுத்தப்பட்டது. இப்பொழுது வருவது இலக்கமுறை ஒளிபரப்பு. இதில் படமும் ஒலியும் ஒரே மூட்டையாகக் கட்டப்பட்டு வருகின்றன. அலை குறைந்தால் படம் சதுரம் சதுரமாக உடையும், உறைந்து நிற்கும். ஒலியும் கூடவே வெட்டி வெட்டிக் கேட்கும். இன்னும் குறைந்தால் இரண்டும் சேர்ந்தே போய்விடும். ஆகவே, ஒலி துளியும் பிசகாமல் கேட்டு, படம் மட்டும் முழுமையாக இருண்டிருந்தால், குற்றவாளி ஏரியலாக இருப்பது மிகவும் அரிது. கூரைமேல் ஏறி விழ வேண்டாம். ஏரியலுக்குப் பணம் கொடுக்கவும் வேண்டாம்.

இனி, நாமே வீட்டில் செய்யக்கூடிய சோதனைகளை வரிசையாகச் சொல்கிறேன். இவை எதற்கும் பெட்டியின் பின்மூடியைத் திறக்கத் தேவையில்லை. ஒரு திருப்புளிகூட வேண்டாம். கண்ணும், பொறுமையும், ஒரு டார்ச்லைட்டும் போதும்.

முதற்சோதனை: வேறு அலைவரிசைகளுக்கு மாற்றிப் பாருங்கள். டிகோடரில் தொலைக்காட்சி அலைவரிசைகளோடு வானொலி அலைவரிசைகளும் இருக்கின்றன. பிள்ளைகள் ரிமோட்டைத் தட்டி விளையாடும்போது பெட்டி வானொலிக்குப் போய்விட்டிருக்கலாம். அங்கே பாட்டும் பேச்சும் கேட்கும், படம் இராது. ஓர் அலைவரிசையில் மட்டும் படம் இல்லையென்றால், குறை ஒளிபரப்புகிறவர்களிடம் இருக்கலாம்; காத்திருந்து பாருங்கள். எல்லா அலைவரிசையிலும் இல்லையென்றால் அடுத்த சோதனைக்குப் போவோம்.

இரண்டாவது சோதனை மிக முக்கியமானது. தொலைக்காட்சிப் பெட்டியின் சொந்த ரிமோட்டை எடுங்கள். டிகோடரின் ரிமோட்டை அல்ல. அதில் 'மெனு' என்னும் பொத்தானை அழுத்துங்கள். ஒலியளவுப் பொத்தானை அழுத்தினாலும் சரிதான். திரையில் எழுத்தோ, கோடோ, பட்டியலோ தோன்றுகிறதா என்று கவனியுங்கள். தோன்றினால், கவலையை விடுங்கள். உங்கள் பெட்டி நலமாக இருக்கிறது. திரையும் நலம், விளக்கும் நலம். படம் பெட்டிக்கு வந்து சேரவில்லை, அவ்வளவுதான். குறை வெளியே இருக்கிறது. அந்தப் பட்டியலும் தோன்றவில்லை என்றால், குறை உள்ளே இருக்கிறது என்று பெரும்பாலும் கொள்ளலாம். இந்த ஒரு பொத்தான் பாதி நோயைக் கண்டுபிடித்துக் கொடுத்துவிடுகிறது பார்த்தீர்களா?

பட்டியல் தோன்றியது என்று வைத்துக்கொள்வோம். அப்படியானால் மூன்றாவது சோதனை, ஒயர்களைப் பார்ப்பது. டிகோடரிலிருந்து பெட்டிக்கு வரும் ஒயர் பல வீடுகளில் மூன்று தலைகள் கொண்டதாக இருக்கும். மஞ்சள், வெள்ளை, சிவப்பு என்று மூன்று நிறம். வெள்ளையும் சிவப்பும் ஒலிக்குரியவை. மஞ்சள் ஒன்றுதான் படத்திற்குரியது. வீடு கூட்டும்போது விளக்குமாறு பட்டு மஞ்சள் தலை மட்டும் கழன்றுவிட்டால் என்ன ஆகும்? ஒலி அப்படியே கேட்கும். படம் மட்டும் போய்விடும். வெண்ணெயைக் கையில் வைத்துக்கொண்டு நெய்க்கு அலைந்த கதையாக, மஞ்சள் ஒயர் கழன்று கிடக்கும்போது புதுப் பெட்டிக்கு அலையக் கூடாது அல்லவா? மூன்று தலைகளையும் கழற்றி, துருவோ தூசியோ இருந்தால் உலர்ந்த துணியால் துடைத்து, நிறத்திற்கு நிறம் பொருத்தி அழுத்திச் சொருகுங்கள். சில புதிய பெட்டிகளில் மஞ்சளுக்கென்று தனித் துளை இராது. பச்சையும் மஞ்சளும் கலந்த நிறத்தில் ஒரே துளை இருக்கும். மஞ்சள் தலையை அங்கேதான் சொருக வேண்டும். வேறு ஒயர் இருந்தால் மாற்றிப் பாருங்கள். மேலே உறை நன்றாக இருந்தாலும் உள்ளே கம்பி அறுந்திருக்கலாம்.

உங்கள் வீட்டில் எச்.டி.எம்.ஐ. என்னும் தட்டையான தலை கொண்ட ஒற்றை ஒயர் இருந்தால், அதில் படமும் ஒலியும் சேர்ந்தே வருகின்றன. அது கழன்றால் வழக்கமாக இரண்டும் போகும். ஆயினும், டிகோடரும் பெட்டியும் ஒன்றையொன்று சரியாக அடையாளம் கண்டுகொள்ளாமல் போனால், ஒலி வந்து படம் வராமல் இருப்பதும் உண்டு. இதற்கு ஓர் எளிய வைத்தியம் இருக்கிறது. பெட்டி, டிகோடர் இரண்டையும் ரிமோட்டால் அணைப்பது போதாது. சுவர்ச் சுவிட்சையே அணைத்து, பிளக்கைக் கழற்றி ஐந்து நிமிடம் விட்டுவிடுங்கள். பிறகு ஒயரின் இரு முனைகளையும் கழற்றிச் சொருகி, முதலில் பெட்டியையும் அடுத்து டிகோடரையும் திறங்கள். பெட்டியில் இரண்டு மூன்று துளைகள் இருந்தால் வேறு துளைக்கு மாற்றிப் பாருங்கள். மாற்றியபின், பெட்டியின் ரிமோட்டில் 'சோர்ஸ்' அல்லது 'இன்புட்' என்றிருக்கும் பொத்தானை அழுத்தி, எந்தத் துளையில் சொருகினீர்களோ அதையே தேர்ந்தெடுக்க வேண்டும். இதை மறந்துவிட்டால் வேலை முழுவதும் வீண்.

நான்காவது, பெட்டியின் அமைப்புகளைப் பாருங்கள். பல பெட்டிகளில் பாட்டு மட்டும் கேட்பதற்காகத் திரையை அணைத்து வைக்கும் ஏற்பாடு இருக்கிறது. மின்சாரச் சிக்கனப் பகுதியில் அது இருக்கும். கை தவறி அதை அழுத்தியிருந்தால் ஒலி மட்டும் கேட்கும். பெரும்பாலும் ரிமோட்டில் வேறு ஏதேனும் ஒரு பொத்தானை அழுத்தியவுடன் படம் திரும்பிவிடும். வெளிச்ச அளவு மிகக் குறைந்துவிட்டதா என்பதையும் அங்கேயே பார்த்துக்கொள்ளலாம்.

இவ்வளவும் செய்தும் திரை இருளாகவே இருக்கிறது. மெனுப் பட்டியலும் தோன்றவில்லை. இப்பொழுதுதான் டார்ச்லைட்டுக்கு வேலை. அதற்குமுன் இந்தக் காலத்துத் தட்டைப் பெட்டி எப்படிப் படம் காட்டுகிறது என்பதைப் புரிந்துகொள்ள வேண்டும்.

கிளந்தானில் ஆடப்படும் வயாங் கூலிட் என்னும் தோல்பாவைக் கூத்தை நீங்கள் பார்த்திருக்கலாம், அல்லது கேள்விப்பட்டிருக்கலாம். வெள்ளைத் துணி ஒன்றைக் கட்டி, அதன் பின்னால் விளக்கை ஏற்றிவைத்து, விளக்குக்கும் துணிக்கும் நடுவில் தோல்பாவைகளை ஆட்டுகிறார் டோக் டாலாங் எனப்படும் கலைஞர். இராமனும் இராவணனும் பேசுவது அனைத்தும் அவர் குரல்தான். கூத்தின் நடுவே விளக்கு அணைந்துவிட்டால் என்ன ஆகும்? பாவைகள் ஆடிக்கொண்டே இருக்கும்; குரல் கேட்டுக்கொண்டே இருக்கும்; ஆனால் முன்னால் உட்கார்ந்திருக்கும் நமக்கு ஒன்றும் தெரியாது.

தட்டைப் பெட்டியின் கதையும் இதுதான். முன்னால் இருக்கும் கண்ணாடித் திரை தானாக வெளிச்சம் தருவதில்லை. அது இலட்சக்கணக்கான மிகச் சிறிய கதவுகள் கொண்ட ஒரு தட்டி. ஒவ்வொரு கதவும் தேவைக்கேற்பத் திறந்து மூடி, வெளிச்சத்தை விட்டும் மறைத்தும் படத்தை உண்டாக்குகிறது. வெளிச்சம் வருவதோ பின்னால் இருக்கும் விளக்குகளிலிருந்து. இப்போதைய பெட்டிகளில் அவை எல்.இ.டி. எனப்படும் சிறு விளக்குகள். நீண்ட பட்டைகளில் வரிசையாகப் பதிக்கப்பட்டிருக்கும். தீபாவளிக்கு வாசலில் தொங்கவிடும் பழைய வண்ண விளக்குச் சரத்தில் ஒரு விளக்கு போனால் சரமே அணைந்துவிடுவதைக் கண்டிருப்பீர்கள். இந்தப் பட்டைகளிலும் விளக்குகள் அப்படியே ஒன்றன்பின் ஒன்றாகத் தொடுக்கப்பட்டுள்ளன. ஒன்று கருகினால் தொடர் அறுந்து அந்த வரிசை முழுவதும் அணையும். பல பெட்டிகளில் இக்குறையை உணர்ந்த மின்சுற்று, பாதுகாப்புக்காக மற்ற வரிசைகளையும் அணைத்துவிடும். பெட்டியைத் திறந்ததும் ஓரிரு விநாடி படம் மின்னிவிட்டு, பிறகு இருண்டு, ஒலி மட்டும் தொடர்ந்தால், அது பெரும்பாலும் இந்த நோயின் அறிகுறியே.

இதை உறுதிப்படுத்திக்கொள்வது எப்படி? இரவில் அறை விளக்குகளை எல்லாம் அணைத்துவிடுங்கள். பெட்டி ஓடிக்கொண்டிருக்கட்டும், ஒலி கேட்டுக்கொண்டிருக்கட்டும். நல்ல வெளிச்சமுள்ள டார்ச்லைட்டைத் திரைக்கு மிக அருகில், சற்றே சாய்வாகப் பிடியுங்கள். கைப்பேசியிலுள்ள விளக்கும் போதும். வெளிச்சம் விழும் இடத்தை உற்றுப் பாருங்கள். மெதுவாக இடம் மாற்றி மாற்றிப் பாருங்கள். மங்கலாக ஒரு முகமோ, எழுத்தோ, அசையும் உருவமோ நிழல்போலத் தெரிகிறதா? தெரிந்தால், பாவைகள் ஆடிக்கொண்டுதான் இருக்கின்றன, விளக்குத்தான் அணைந்திருக்கிறது. திரை நலம். பின்விளக்குப் பட்டைகளோ, அவற்றுக்கு மின்சாரம் தரும் பகுதியோ பழுது. இது பழுது பார்க்கக் கூடிய நோய்.

டார்ச்லைட் வெளிச்சத்திலும் எதுவும் தெரியவில்லை என்றால், பாவைகளே ஆடவில்லை என்று பொருள். படத்தைத் திரைக்குக் கொண்டுசேர்க்கும் மின்தகடோ, அதன் பட்டை ஒயரோ, திரையோ பழுதாகியிருக்கலாம். மின்தகடு என்றால் மாற்றிப் பார்க்கலாம். திரையே போயிருந்தால், அதை மாற்றும் செலவு பல வேளைகளில் புதுப் பெட்டியின் விலையை நெருங்கிவிடும். அப்பொழுது நன்றாக யோசித்துத்தான் முடிவெடுக்க வேண்டும். ஓலெட் என்னும் விலை உயர்ந்த பெட்டி வைத்திருப்பவர்களுக்கு ஒரு சொல்: அந்தத் திரை தானே ஒளி தருவது, பின்விளக்கு அதில் இல்லை. எனவே இந்த டார்ச்லைட் சோதனை அதற்குப் பொருந்தாது.

இன்னும் சில வீடுகளில், முதுகு பெருத்த பழைய பெட்டி, டிகோடரின் துணையோடு உழைத்துக்கொண்டிருக்கிறது. 1978ஆம் ஆண்டு டிசம்பரில் தீபகற்ப மலேசியாவில் வண்ண ஒளிபரப்பு வந்தபின் நம் வீடுகளுக்குள் நுழைந்த இனம் அது. அதில் கண்ணாடிக் குழாய் ஒன்றின் கழுத்திலிருந்து மின்னணுக் கதிர் பாய்ந்து திரையைத் தாக்கிப் படம் வரைகிறது. அந்தக் கதிரை இழுப்பதற்கு 20,000 வோல்ட்டுக்கு மேற்பட்ட மின்னழுத்தம் தேவை. ஒலிக்கு அது தேவையில்லை. ஆகவே அந்த உயர் மின்னழுத்தப் பகுதி பழுதானால் ஒலி இருக்கும், படம் இராது. இருட்டில் பின்மூடியின் காற்றோட்டத் துளைகள் வழியாகப் பாருங்கள். குழாயின் கழுத்தில் தணல்போல ஒரு சிறு செவ்வொளி தெரிந்தால், குழாய் சூடாகிறது என்று பொருள். தெரியாவிட்டால் அதற்கு மின்சாரம் போகவில்லை. திரையின் நடுவில் வெள்ளைக்கோடு ஒன்று மட்டும் கிடையாகத் தெரிந்தால், படத்தை மேலும் கீழும் விரிக்கும் பகுதி பழுது. அப்படியே ஓடவிட்டால் அந்தக் கோடு திரையில் வடுவாகப் பதிந்துவிடும், உடனே அணைத்துவிடுங்கள்.

இப்பொழுது மிகவும் அழுத்திச் சொல்ல வேண்டிய ஒன்றைச் சொல்கிறேன். பெற்றோர்களே, சற்றுக் கவனமாகக் கேளுங்கள். பழைய பெட்டியானாலும் புதிய பெட்டியானாலும், பின்மூடியைக் கழற்றுவது நம் வேலையல்ல. "பிளக்கைக் கழற்றிவிட்டேனே, பிறகு என்ன பயம்?" என்று கேட்கலாம். அங்கேதான் ஆபத்து ஒளிந்திருக்கிறது. பெட்டிக்குள் மின்சாரத்தைத் தேக்கி வைக்கும் உறுப்புகள் இருக்கின்றன. மழை நின்ற பிறகும் தகரக்கூரையின் பீலியில் தண்ணீர் தேங்கி நிற்பதுபோல, பிளக்கைக் கழற்றிய பிறகும் அவற்றில் மின்சாரம் நிற்கும். தட்டைப் பெட்டியின் மின்பகுதியில் அது 300 வோல்ட்டுக்கும் மேல் இருக்கலாம். பழைய பெட்டியின் குழாயிலோ ஆயிரக்கணக்கான வோல்ட் தங்கியிருக்கலாம். யூடியூப்பில் பார்த்துவிட்டு நானே செய்கிறேன் என்று வீட்டுப் பிள்ளைகள் கிளம்பினால் தடுத்து நிறுத்துங்கள். பிள்ளைகளுக்கு ஆர்வம் இருக்குமானால், தொழிற்பயிற்சிக் கழகத்தில் சேர்த்து முறையாகப் படிக்க வைப்போம். அது ஒரு நல்ல பிழைப்பும் ஆகும்.

தட்டினால் சரியாகும் என்னும் பழைய வைத்தியத்தையும் விட்டுவிடுங்கள். பழைய பெட்டியில் எங்கோ ஒட்டு விட்டுப்போயிருந்தால், அதிர்ச்சியில் ஒரு கணம் சேர்ந்துகொள்ளும். அது குணமல்ல. தட்டைப் பெட்டியின் மெல்லிய திரையோ ஒரே அடியில் விரிசல் கண்டுவிடும். விளக்குப் பட்டையோடு போயிருக்க வேண்டிய செலவு, பெட்டி முழுவதற்கும் போய்விடும்.

சோதனைகள் முடிந்தன. குறை உள்ளேதான் என்று தெரிந்துவிட்டது. இனிப் பழுது பார்ப்பவரிடம் போக வேண்டும். அதற்குமுன் உத்தரவாத அட்டையைத் தேடி எடுத்துத் தேதியைப் பாருங்கள். உத்தரவாதக் காலம் முடியவில்லை என்றால், வாங்கிய கடைக்கே போங்கள். வெளியார் யாரும் மூடியைத் திறந்திருந்தால் அந்த உத்தரவாதம் செல்லாமல் போகக்கூடும்.

காலம் முடிந்துவிட்டது என்றால், ஒரு துண்டுத் தாளில் சில விவரங்களை எழுதிக்கொள்ளுங்கள். பெட்டியின் பெயர், பின்புற ஒட்டுத்தாளில் உள்ள மாடல் எண், வாங்கிய ஆண்டு, ஒலி தெளிவாகக் கேட்கிறதா, மெனுப் பட்டியல் தோன்றுகிறதா, டார்ச்லைட் வெளிச்சத்தில் நிழலுருவம் தெரிகிறதா, இடி மின்னலுக்குப் பிறகு வந்த குறையா, தானாக வந்ததா. பள்ளியில் படிக்கும் மகனோ மகளோ இதை எழுதிக் கொடுக்கலாம். இந்தத் தாளோடு போகிறவரை யாரும் எளிதில் ஏமாற்ற முடியாது. நோயாளி வாய் திறந்து சொன்னால்தானே வைத்தியருக்கும் வேலை எளிது!

கடையில் மூன்று கேள்விகளைக் கேளுங்கள். திறந்து பார்க்க மட்டும் எவ்வளவு? முழு வேலைக்கு எவ்வளவு? எத்தனை நாளைக்கு உத்தரவாதம்? தொகையைக் கேட்டு ஒப்புக்கொண்ட பிறகே வேலையைத் தொடங்கச் சொல்லுங்கள். பின்விளக்குப் பழுது என்றால், கருகிய ஒரு விளக்கை மட்டும் மாற்றுவார்களா, பட்டைகள் அனைத்தையும் மாற்றுவார்களா என்று கேளுங்கள். ஒரே வயதுடைய விளக்குகளில் ஒன்று போனால் மற்றவையும் பின்தொடர்வது வழக்கம். ஆகவே பட்டைகளை மொத்தமாக மாற்றுவதே நீடித்து நிற்கும். மாற்றிய பழைய உறுப்புகளைக் காட்டச் சொல்லுங்கள். இரசீது இல்லாமல் பணம் கொடுக்காதீர்கள்.

அந்த இரசீது சும்மா ஒரு காகிதமன்று. நம் நாட்டில் 1999ஆம் ஆண்டு பயனீட்டாளர் பாதுகாப்புச் சட்டத்தின்கீழ் பயனீட்டாளர் நடுவர் மன்றம் ஒன்று இயங்குகிறது. வாங்கிய பொருளிலோ, பணம் கொடுத்துப் பெற்ற சேவையிலோ நட்டம் நேர்ந்தால், 50,000 ரிங்கிட் வரையிலான கோரிக்கையை அங்கே கொண்டுபோகலாம். மனுக் கட்டணம் 5 ரிங்கிட்தான். வழக்கறிஞர் வைக்கத் தேவையில்லை. நம் வழக்கை நாமே பேசலாம். ஆனால் கையில் ஆதாரம் வேண்டும். அதனால்தான் இரசீதைப் பத்திரப்படுத்தச் சொல்கிறேன். சட்டம் தோட்டத்துப் பாட்டாளிக்கும் உரியதுதான், நேயர்களே.

நோய் வந்தபின் வைத்தியம் பார்ப்பதைவிட, வராமல் காப்பது சிறந்தது. கடையில் பளிச்சென்று தெரியவேண்டும் என்பதற்காகப் பல பெட்டிகளில் பின்விளக்கு அளவை உச்சத்தில் வைத்திருப்பார்கள். வீட்டிற்கு வந்தபின் அமைப்புப் பட்டியலில் 'பேக்லைட்' என்றிருக்கும் அளவைச் சற்றே குறைத்துக்கொள்ளுங்கள். விளக்குகளில் சூடு குறையும், ஆயுள் கூடும், மின் கட்டணமும் குறையும். பெட்டியின் முதுகுக்கும் சுவருக்கும் இடையே காற்றுப் போக இடைவெளி விடுங்கள். மேலே துணி போர்த்தியபடி ஓடவிடாதீர்கள். சாமி விளக்கையும் பூச்சாடியையும் பெட்டிக்கு மேலே வைக்காதீர்கள். யாரும் பார்க்காதபோது பேச்சுத் துணைக்கென்று நாள் முழுவதும் ஓடவிடுவதைவிட, அந்த நேரத்தில் வானொலியைக் கேட்கலாம். வானொலிக்காரன் என்பதால் சொல்லவில்லை. செலவு குறைவு என்பதால் சொல்கிறேன்!

உலகில் இடிமின்னல் மிகுந்த நாடுகளில் நம் நாடும் ஒன்று. வானம் கறுத்து இடி முழங்கத் தொடங்கும் முன்பே மின்பிளக்கையும் ஏரியல் அல்லது தட்டிலிருந்து வரும் ஒயரையும் இரண்டையுமே கழற்றிவிடுங்கள். ஒன்றை மட்டும் கழற்றுவது, முன்வாசலைப் பூட்டிப் பின்வாசலைத் திறந்து வைப்பது போலாகும். இடி தலைக்கு மேல் வந்தபிறகு ஒயரைத் தொடாதீர்கள். பெட்டி போனால் வாங்கிக்கொள்ளலாம், உயிர் அப்படியன்று.

பழுது பார்க்க முடியாமல் போன பெட்டியை என்ன செய்வது? காட்டோரத்திலோ கால்வாயிலோ வீசிவிடாதீர்கள். பழைய குழாயின் கண்ணாடியில் ஈயம் இருக்கிறது. எல்.இ.டி. வருவதற்கு முந்திய தட்டைப் பெட்டிகளின் விளக்குக் குழல்களில் பாதரசம் இருக்கிறது. இரண்டும் நஞ்சு. பிள்ளைகள் கல்லெறிந்து பழைய குழாயை உடைத்தால், உள்ளே காற்றில்லாத வெற்றிடமாக இருப்பதால் கண்ணாடி சிதறித் தெறிக்கும். செம்புக்காக ஒயரை எரித்தால் அந்தப் புகையைக் குடிப்பது நம் வீட்டுக் குழந்தைகள்தாம். நம் நாட்டுச் சட்டம் மின்கழிவைத் தனியே கையாள வேண்டிய கழிவாக வகுத்திருக்கிறது. சுற்றுச்சூழல் துறையின் அங்கீகாரம் பெற்ற மின்கழிவுச் சேகரிப்பு நிலையத்தில் ஒப்படைப்பதே முறை. பக்கத்து வீட்டாரோடு சேர்ந்து ஒரே வண்டியில் அனுப்பினால் செலவும் பங்காகும்.

இதுவரை கேட்டதைச் சுருக்கமாக மனத்தில் இருத்திக்கொள்ளுங்கள். ஒலி இருந்து படம் இல்லையென்றால், முதலில் அலைவரிசையை மாற்றுங்கள். அடுத்து, பெட்டியின் ரிமோட்டில் மெனுவை அழுத்துங்கள். பட்டியல் தெரிந்தால் ஒயரையும் சோர்ஸ் பொத்தானையும் பாருங்கள். மஞ்சள் தலையை மறவாதீர்கள். பட்டியல் தெரியாவிட்டால், ஐந்து நிமிடம் மின்சாரத்தை நிறுத்திப் பாருங்கள். பிறகு இருட்டில் டார்ச்லைட் அடித்துப் பாருங்கள். நிழலுருவம் தெரிந்தால் பழுது பார்க்கலாம். தெரியாவிட்டால் செலவைக் கேட்டு முடிவு செய்யுங்கள். எந்த நிலையிலும் மூடியைத் திறக்காதீர்கள்.

இந்த வரிசையை ஒரு தாளில் எழுதி, உத்தரவாத அட்டையோடும் இரசீதோடும் ஒரே உறையில் போட்டு வையுங்கள். தோட்டத்தை விட்டுப் பட்டணத்து அடுக்குமாடிக்குக் குடிபோன உறவினர்களுக்கும் சொல்லுங்கள். அங்கேயும் பெட்டி இதே நோயில்தான் படுக்கிறது.